முதல் பேட்ச் வெளியே வந்த வருடம்

2011 நவம்பரில் ஒரு நாள் பழைய மாணவன் ஒருவன் போனில் கூப்பிட்டான். படிப்பை முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வழக்கமான நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "சார், நியூஸ் பாத்தீங்களா? இனிமே மொபைலுக்கு ஃப்ளாஷ் கிடையாதாம்" என்றான். பார்த்திருந்தேன். பேச்சை மாற்றுகிற மாதிரி, "வேலை தேடுறது எப்படிப் போகுது?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் சார் கூப்பிட்டேன்" என்றான்.

அவன் படித்த மூன்று வருட மல்டிமீடியா படிப்பை வடிவமைத்த பாடத்திட்டக் குழுவில் நானும் இருந்தேன். ஆறு செமஸ்டரில் நான்கில் ஃப்ளாஷ் என்ற மென்பொருள் ஏதாவது ஒரு பெயரில் வந்துகொண்டே இருக்கும். இன்றைய மாணவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. ஒரு காலத்தில் இணையத்தில் அசைந்த படம், ஓடிய வீடியோ, விளையாடிய விளையாட்டு எல்லாவற்றுக்கும் பின்னால் அதுதான் இருந்தது. 2005-இல் யூடியூப் தொடங்கியபோது அதன் வீடியோக்கள் ஓடியதும் ஃப்ளாஷில்தான். ஆகவே 2006-இல் நாங்கள் அதை மையமாக வைத்து ஒரு படிப்புக்குத் திட்டம் போட்டபோது யாரும் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்லவில்லை. காலத்தோடு நடக்கிற துறை என்று பாராட்டினார்கள்.

திட்டம் 2006. துறைக் கூட்டம், பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஒப்புதல், திருத்தம், மறுபடி ஒப்புதல் என்று இரண்டு வருடம். முதல் மாணவர் சேர்க்கை 2008. அதற்கு முந்தைய வருடமே ஃப்ளாஷ் ஓடாத ஐபோன் சந்தைக்கு வந்துவிட்டது. முதல் பேட்ச் வெளியே வந்தது 2011. அந்த நவம்பரில் மொபைல் ஃப்ளாஷின் மேம்பாடு நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பர் 31-உடன் கணினியிலும் முடிந்துபோனது.

மென்பொருள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது வந்தது, தன் வேலையைச் செய்தது, போனது. கணக்குப் போடத் தவறியவர்கள் நாங்கள்தான். ஒப்புதலுக்கு இரண்டு வருடம், படிப்புக்கு மூன்று வருடம். ஐந்து வருடம் கழித்து இருக்கப்போகிற சந்தைக்கு ஆள் தயாரிக்கிறோம் என்பதை மறந்து, அன்றைக்குக் கண்ணில் பட்ட சந்தைக்குத் தயாரித்தோம். 2011-இல் வெளியே போன பையன் 2050 வாக்கில்தான் ஓய்வு பெறுவான் என்பதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இந்தத் தாமதத்தைப் பொருளாதார அறிஞர்கள் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1976-இல் பொறியாளர்களின் சம்பளத்தைச் சிலந்தி வலை மாதிரி என்று விளக்கினார். ஒரு துறையில் சம்பளம் ஏறுகிறது, எல்லோரும் அதில் சேர்கிறார்கள், நான்கு வருடம் கழித்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள், சம்பளம் விழுகிறது, அடுத்த வருடம் யாரும் சேர்வதில்லை, நான்கு வருடம் கழித்து ஆள் பஞ்சம். விவசாயிகள் போன வருட விலையைப் பார்த்து இந்த வருடம் விதைக்கிற அதே கதை. அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டங்கள் 2004-இல் ஏறத்தாழ 59,000 வரை போயின. 2000-இல் இணைய நிறுவனங்களின் பங்கு விலைகள் சரிந்து டாட்காம் குமிழ் உடைந்ததைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவர்களின் எண்ணிக்கை பட்டமளிப்பு மேடைக்கு வந்து சேர்ந்தபோது, 2009-இல், அது 38,000-ஆகச் சுருங்கியிருந்தது. அதாவது ஸ்மார்ட்போன் காலம் பிறந்து ஆட்களைத் தேடத் தொடங்கிய நேரத்தில் ஆட்கள் மிகக் குறைவு. 2004-இல் உச்சத்தில் பட்டம் வாங்கியவர்கள் பலர் குமிழ் உடைவதற்கு முன்னும் பின்னுமாகச் சேர்ந்தவர்கள்.

அந்த மாணவனுக்கு வருகிறேன். அவனோடு படித்த இன்னொரு பெண்ணும் அதே பாடத்தைப் படித்தாள், அதே மார்க் வாங்கினாள். அவள் 2012 தொடக்கத்தில் ஒரு நல்ல இடத்தில் வேலையில் இருந்தாள். அதிர்ஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் இருவரின் லேப் ரெக்கார்டுகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வகுப்பை இரண்டு பிரிவாகப் பிரித்திருந்தோம்; ஒரு பிரிவுக்கு நான், இன்னொன்றுக்கு என் சக ஆசிரியர். அவன் என் பிரிவில், அவள் அவர் பிரிவில்.

என் பிரிவின் ரெக்கார்டில் இப்படி இருந்தது: இந்த மெனுவுக்குப் போ, இதைத் தேர்ந்தெடு, இந்த எண்ணைக் கொடு, இப்படி வரும். சக ஆசிரியரின் பிரிவில் முதல் நான்கு வாரம் கணினியே இல்லை. ஒரு பந்து குதிப்பதை இருபத்து நான்கு தாள்களில் வரையச் சொல்லியிருக்கிறார். பந்து ஏன் மேலே மெதுவாகவும் கீழே வேகமாகவும் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பிறகுதான் மென்பொருள். ஃப்ளாஷுக்குள் இருந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியைச் சொல்லித்தரும்போது, இது எக்மாஸ்கிரிப்ட் என்ற பொதுத் தரத்தின் ஒரு பிள்ளை, ஜாவாஸ்கிரிப்ட் இதன் உடன்பிறப்பு என்று சொல்லி, ஒரே சின்னப் பயிற்சியை இரண்டிலும் எழுத வைத்திருக்கிறார். அவர் பிரிவு மாணவர்கள் இணையத்தின் அடுத்த தொழில்நுட்பத்துக்கு மாற ஒரு மாதம்கூட எடுக்கவில்லை. என் பிரிவுக்காரர்களுக்கு மெனு போனதும் எல்லாம் போனது.

பாடத்திட்டத் தாளில் இரண்டு பிரிவுக்கும் ஒரே வரிதான் அச்சாகியிருந்தது. இதை அன்று முதல் எல்லாக் குழுக் கூட்டங்களிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: சிலபஸை மாற்றினால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், கால்வாசிகூட முடியவில்லை. யார் எப்படி நடத்துகிறார், எதைக் கேட்டு மார்க் போடுகிறார் என்பதில்தான் மிச்சம் இருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்றால், முதலில் தவறான இடத்தில் போய்க் கேட்டேன். வேலை கொடுப்பவர்களைக் கூப்பிட்டு ஒரு ஆலோசனைக் கூட்டம் வைத்தோம். பெரிய மேஜை, பெயர்ப் பலகைகள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஹெச்.ஆர். பிரிவுக்காரர்கள். "உங்களுக்கு என்ன ஸ்கில் வேணும்?" என்று கேட்டோம். ஆளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், அவர்களுடைய வேலை விளம்பரத்தில் இருந்த அதே வரிகள். மூன்று பேர் கேட்ட மென்பொருள்களில் இரண்டு அடுத்த இரண்டு வருடத்தில் பழசாகிவிட்டன.

இப்போது கேள்வியை மாற்றிவிட்டோம். ஹெச்.ஆர். வேண்டாம், புதிதாக வந்தவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை சொல்லித்தருகிற டீம் லீடரை அனுப்புங்கள் என்று கேட்கிறோம். அவரிடம் ஒரே கேள்வி: "கடைசியா சேர்ந்த பையனோ பொண்ணோ முதல் ஆறு மாசத்துல எங்க தடுமாறினாங்க?" இதற்கு யாருமே மென்பொருள் பெயரைச் சொன்னதில்லை. மற்றவர் எழுதினதைப் படிக்கத் தெரியல. மூணு நாளா மாட்டிக்கிட்டு இருந்தான், வாயைத் திறக்கல. 'முடிச்சிட்டேன்'னு சொன்னா, ஆனா ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்கல. வாடிக்கையாளருக்கு நாலு வரி மெயில் எழுதச் சொன்னா ஒரு மணி நேரம். இப்படித்தான் வரும்.

இதைக் கேட்டபோது பாதிதான் நம்பினேன். மீதியை நம்புவதற்கு நானே போக வேண்டியிருந்தது. ஆய்வு விடுப்பு எட்டு மாதம் கிடைத்தது. வழக்கமாக அதில் ஒரு நூல் எழுதுவார்கள், இல்லை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் போவார்கள். நான் சரக்குப் போக்குவரத்துக்கு மென்பொருள் செய்கிற ஒரு நடுத்தர நிறுவனத்தில் போய் உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வயதில், இருபத்தாறு வயதுப் பையனிடம் வேலை கேட்டு. அவனுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்றே முதல் வாரம் புரியவில்லை. சார் என்றும் சொல்ல முடியாது, பெயரையும் சொல்ல முடியாது. கடைசியில் "வாங்க, போங்க" மட்டும் வைத்துக்கொண்டு சமாளித்தான்.

அங்கே நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் ஒன்றுதான். வெறும் தாளை யாரும் யார் கையிலும் கொடுப்பதில்லை. எட்டு மாதத்தில் நான் புதிதாக, முதல் வரியிலிருந்து எழுதிய நிரல் மொத்தம் நான்கு பக்கம் இருக்கும். மற்ற நேரமெல்லாம், ஒன்பது வருடமாகப் பலர் கைபட்டு வளர்ந்த ஒரு நிரலைப் படிப்பதிலும், அதில் ஒரு வரியை மாற்றினால் வேறு எங்கே உடையும் என்று தேடுவதிலும், எழுதியவர் வேலையை விட்டுப் போன பகுதிகளுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதிலும் போனது. ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு செமஸ்டரும் மாணவனுக்கு நாங்கள் கொடுத்தது வெறும் தாள். எழுது, மார்க் வாங்கு, தூக்கிப் போடு. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவன் தன் பழைய நிரலுக்குத் திரும்பிப் போனதில்லை. பிறகு டீம் லீடர், 'மற்றவர் எழுதினதைப் படிக்கத் தெரியல' என்றால் எப்படித் தெரியும்?

திரும்பி வந்ததும் மூன்றாவது செமஸ்டர் ப்ராஜெக்டை மாற்றினேன். யாரும் புதிதாக எதுவும் செய்யக் கூடாது. போன வருட மாணவர்கள் செய்துவிட்டுப் போனதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் சொல்லப்பட்ட இரண்டு குறைகளைச் சரிசெய்ய வேண்டும். ஒரு வசதியைச் சேர்க்க வேண்டும். அடுத்த வருடம் வருபவர்களுக்காக இரண்டு பக்கக் குறிப்பு எழுதிவிட்டுப் போக வேண்டும். அந்தக் குறிப்புக்குத்தான் மார்க்கில் பெரிய பங்கு, அதைப் போடுவது அடுத்த பேட்ச்.

முதல் வருடம் கலவரம். "சார், இது யாரோ எழுதினது சார், ஒண்ணுமே புரியல. நாங்களே புதுசா எழுதிடறோம் சார்." இதைத் தினமும் கேட்டேன். ஒரு குழு ரகசியமாக எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதி, பழைய பெயரிலேயே கொண்டுவந்து வைத்தது. பிடிபட்டபோது அவர்கள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது: "படிக்கிறதைவிட எழுதுறது ஈஸி சார்." அதே வாக்கியத்தை அந்த நிறுவனத்தில் நானும் மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு மார்க் குறைக்கவில்லை. ஆனால் அழித்ததில் என்னென்ன தொலைந்தது என்று பட்டியல் போடச் சொன்னேன். பதினேழு வந்தது. மூன்றாவது வருடத்திலிருந்து ஒரு வேடிக்கை நடந்தது: தங்களுக்கு வந்த குழப்பம் அடுத்தவர்களுக்கு வரக் கூடாது என்று மாணவர்கள் தாங்களாகவே ஒழுங்காக எழுத ஆரம்பித்தார்கள். நான் பத்து வருடம் கத்தியும் நடக்காத ஒன்று.

இதையெல்லாம் நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று சொல்ல வரவில்லை. படிப்பையும் பணியிடத்தையும் பின்னுவது நூறு வருடத்துக்கு மேற்பட்ட யோசனை. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் 27 மாணவர்களை வைத்து ஆரம்பித்தார். இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார். ஒருவன் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவன் தொழிற்சாலையில், அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். தொழிற்சாலைக்கு நாற்காலி ஒருநாளும் காலியாகாது. அந்தக் கடைசி விஷயத்தைத்தான் நாம் எல்லோரும் மறந்துவிடுகிறோம். அந்த ஏற்பாடு மாணவனுக்கு மட்டுமல்ல, நிறுவனத்துக்கும் லாபமாக இருந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கும்போதே இந்த முறையோடுதான் தொடங்கியது. அங்கே நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாறி மாறி.

எங்கள் இன்டர்ன்ஷிப் விடுமுறையில் இரண்டு மாதம். பையன் போவான், சான்றிதழ் வாங்கி வருவான், நாங்கள் மார்க் போடுவோம். அவன் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. நிறுவனத்தின் பக்கம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: முதல் ஒரு மாதம் புதியவனால் அவர்களுக்கு நஷ்டம்தான். இரண்டாவது மாதம் கொஞ்சம் கைகொடுக்கத் தொடங்கும்போது கிளம்பிவிடுகிறான். அதனால் உருப்படியான வேலையை யாரும் கொடுப்பதில்லை. டேட்டா என்ட்ரி கொடுப்பார்கள், இல்லை ஒரு மூலையில் உட்காரவைத்து வீடியோ பார்க்கச் சொல்வார்கள். இப்போது ஒரு முழு செமஸ்டர் அனுப்புகிறோம். அதற்காக மூன்று பேப்பர்களை வேறு செமஸ்டருக்கு நகர்த்த வேண்டியிருந்தது. அந்த நகர்த்தலுக்கு நடந்த சண்டையைப் பற்றித் தனியாக எழுதலாம், எழுதப் போவதில்லை.

வாரம் ஒரு பக்கம் டைரி உண்டு. 'இந்த வாரம் என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் கதை எழுதுவார்கள். அதனால் இரண்டே கேள்வி: எது புரியவில்லை? யாரிடம் கேட்டீர்கள்? இரண்டாவது கேள்விக்கு மூன்று வாரம் தொடர்ந்து 'யாரிடமும் இல்லை' என்று வந்தால் நான் போன் செய்வேன். உதவித்தொகை தராத இடத்துக்கு அனுப்புவதில்லை என்பதையும் விதியாக வைத்தோம். சம்பளமில்லாமல் ஐந்து மாதம் வேறு ஊரில் தங்கி வேலை பார்க்க வசதியான வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும். அப்படி அனுப்பினால் நல்ல இடமெல்லாம் அவர்களுக்கே போகும். இந்த விதியால் பல நிறுவனங்கள் எங்கள் பட்டியலிலிருந்து போய்விட்டன. போகட்டும்.

பாடத்திட்டத்தில் செய்த ஒரே உருப்படியான மாற்றம், பெயரில்லாத பேப்பர்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை 'சிறப்புத் தலைப்பு' என்று மட்டும் எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டோம். உள்ளே என்ன இருக்கும் என்பதைத் துறை அந்தந்த வருடம் முடிவு செய்துகொள்ளும். இரண்டு வருடக் காத்திருப்பு அங்கே மட்டும் ஆறு வாரமாகக் குறைந்தது. வேகமாக மாறுகிற கருவிகள் எல்லாம் அந்த ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். மீதி நான்கு பங்கில் கணிதம், புள்ளியியல், தரவுத்தளக் கோட்பாடு, நெட்வொர்க், எழுத்துப் பயிற்சி. பழசு, சலிப்பானது என்று மாணவர்கள் திட்டுகிறவை.

திட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படிப்பு முடித்து ஆறு மாதத்தில் பழைய மாணவர்களிடம் கருத்துக் கேட்டால், "தியரியைக் குறைங்க, இன்னும் டூல்ஸ் சொல்லிக்கொடுங்க" என்பார்கள். அதே ஆட்களிடம் ஐந்தாவது வருடத்தில் கேளுங்கள். "புள்ளியியலை ஒழுங்கா நடத்தியிருக்கலாம் சார்" என்பார்கள். நாங்கள் இரண்டையும் கேட்கிறோம், ஆனால் இரண்டாவதற்குத்தான் அதிக எடை கொடுக்கிறோம். டேவிட் டெமிங்கும் கதீம் நோரேயும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதையே இன்னொரு பக்கத்திலிருந்து காட்டியது: கணினி, பொறியியல் மாதிரி தொழில்நுட்பம் சார்ந்த படிப்பு முடித்தவர்களுக்குத் தொடக்கத்தில் சம்பளம் மற்றவர்களைவிட நன்றாக உயர்ந்திருக்கிறது, பிறகு அந்த இடைவெளி வேகமாகக் குறைகிறது; ஏனென்றால் அவர்கள் வேலையில் தேவைப்படும் திறன்கள் சீக்கிரம் மாறிவிடுகின்றன, படித்தது பழசாகிறது. பிளேஸ்மென்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் படிப்பை எடைபோடுகிற எவருக்கும் இது கண்ணில் படாது. அந்த எண்ணிக்கை எடுக்கப்படுவது முதல் வருடத்தில்.

அதற்காகப் பல்கலைக்கழகம் முன்கூட்டித் திட்டமிடவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். தென் கொரியா 1971-இல், பிறகு கைஸ்ட் என்று ஆன அறிவியல் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தைத் தொடங்கியபோது அந்த நாட்டில் அதன் பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கும் அளவுக்குத் தொழில்கள் வளர்ந்திருக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டின் ஃப்ரெடரிக் டெர்மன் தலைமையில் ஒரு குழு போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தது, நாடு செய்து காட்டியது. ஆனால் அங்கே போட்டது அடிப்படை அறிவியல், பொறியியலின் பெரிய பிரிவுகள். ஒரு கருவியின் பெயரில் துறை தொடங்கவில்லை. அதே மாதிரி, விவசாயத்துக்கும் இயந்திரத் தொழிலுக்கும் கல்லூரிகள் கட்ட நிலம் கொடுத்த 1862-ஆம் ஆண்டு அமெரிக்க மோரில் சட்டத்தைத் தேடிப் படித்தபோது ஒரு சின்ன சொற்றொடர் என்னைப் பிடித்து நிறுத்தியது. மற்ற அறிவியல்களையும் செவ்வியல் படிப்புகளையும் விலக்காமல், என்று அதில் இருக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் உட்கார்ந்து, உழவுக்கான கல்லூரியில் இலக்கியத்தையும் விடாதே என்று எழுதியிருக்கிறார்கள்.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த செமஸ்டரின் முதல் அசைன்மெண்டிலேயே, அறுபது பேரும் பிழையில்லாத நிரல் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. துறையில் பதற்றம். தடை செய்யலாம் என்று பாதிப் பேர், அதையே பாடமாக்கலாம் என்று பாதிப் பேர்.

வணிகவியல் துறையின் மூத்த ஆசிரியை ஒருவர் என் அறைக்கு வந்து சிரித்தார். "நீங்க இப்பப் பாக்கறதை நாங்க எப்பவோ பாத்துட்டோம் சார்" என்றார். 1979-இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளைச் சொன்னார். ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்த டான் ப்ரிக்லின், பேராசிரியர் கரும்பலகையில் ஒரு எண்ணை மாற்றினால் அட்டவணை முழுவதையும் அழித்து மறுபடி கணக்குப் போட வேண்டியிருப்பதைப் பார்த்து யோசித்தது அது. கூட்டிப் பெருக்குவதையே பரீட்சையாக வைத்திருந்த கணக்குப்பதிவியல் ஆசிரியர்களுக்கு அதன் பிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை என்றார். பிறகு என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். "இந்த நம்பரை எப்படி நம்பறது, இதை வச்சு என்ன முடிவெடுப்பேன்னு கேட்டோம். அதுக்குக் கேள்வித்தாள் தயாரிக்க எங்களுக்குப் பல வருஷம் ஆச்சு" என்றார்.

நாங்கள் செய்தது, வைவாவைக் கூட்டியது. நிரலை யார் எழுதினாலும், எது எழுதினாலும் கவலை இல்லை. எதிரில் உட்கார்ந்து, நான் காட்டுகிற ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது, அதை எடுத்தால் என்ன ஆகும், இது தப்பாகப் போகிற ஒரு சந்தர்ப்பம் சொல் என்றால் சொல்ல வேண்டும். ஒருவருக்குப் பத்து நிமிடம். அறுபது பேருக்குப் பத்து மணி நேரம். ஒரு வாரம் சமாளித்தோம். முடிவுகள் கண்ணைத் திறந்தன: எழுத்துத் தேர்வில் முதல் ஐந்தில் இருந்த இருவர் தடுமாறினார்கள், அரியர் வைத்திருந்த ஒரு பெண் எல்லாக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். ஆனால் சேர்க்கை நூற்று எண்பது ஆகிவிட்டது. முப்பது மணி நேரம், ஆசிரியர்கள் இரண்டு பேர். அவர்களுக்குப் பதவி உயர்வு கட்டுரை எண்ணிக்கையில்தான். வைவாவில் செலவிட்ட முப்பது மணி நேரத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. இதற்கு இன்னும் எங்களிடம் வழி இல்லை. மாணவர்களையே ஒருவரை ஒருவர் கேட்க வைத்துப் பார்த்தோம். நண்பனை மாட்டிவிட யாருக்கும் மனசு வரவில்லை.

நவம்பரில் போன் செய்த அந்த மாணவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். இரண்டு வருடம் சிரமப்பட்டான். பிறகு மாலை நேர வகுப்பு ஒன்றில் சேர்ந்து தரவுத்தளமும் புள்ளியியலும் மறுபடி படித்தான், சொந்தக் காசில். சிங்கப்பூரில் 2016 முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்று 25 வயது நிரம்பிய குடிமக்களுக்குப் படிப்புக்காக 500 சிங்கப்பூர் டாலர் கணக்கில் வைத்துத் தொடங்கினார்களே, அப்படி எதுவும் அவனுக்கு இல்லை. இப்போது ஒரு நிறுவனத்தில் டீம் லீடர். மூன்று வருடமாக எங்கள் பாடத்திட்டக் குழுவில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறான். கூப்பிட்டது நான்தான்.

போன கூட்டத்தில் புதுப் படிப்பு ஒன்று அஜெண்டாவில் வந்தது. ஆக்கத்திறன் செயற்கை நுண்ணறிவு என்று பெயரிலேயே இருந்தது. தாளைப் புரட்டிவிட்டு அவன் கேட்டது ஒரே கேள்வி: "முதல் பேட்ச் எந்த வருஷம் வெளியே வரும்?" அறையில் எல்லோரும் விரல் விட்டு எண்ணினார்கள். நான் அவனைப் பார்க்கவில்லை.

"உள்ளே இருக்கறதுல முக்கால்வாசி நல்லாதான் இருக்கு, பேரை மட்டும் மாத்துங்க. பழைய பேரே போதும்" என்றான். தலைவர் தலையாட்டினார். அப்போது மாணவர் சேர்க்கைப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் கையைத் தூக்கினார். "பழைய பேர்ல போட்டா யார் சார் வந்து சேருவாங்க? அப்பா அம்மா பேரைத்தான் பாக்கறாங்க. பக்கத்துப் பல்கலைக்கழகம் புதுப் பேர்ல நூத்தி இருபது சீட் ரொப்பிட்டாங்க" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அந்த அஜெண்டாவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.